நிற்க

சித்திரை கழிந்தும் அடங்காத வெயில். பாளையங்கோட்டையில்
ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பு பி பிரிவு.
மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்கள் ஏழு மணிக்கே வந்தவர்கள்.
நான் வீரவநல்லூரிலிருந்து வருகிறவள்,
எனக்கு ஜன்னல், அனல்.

காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தருகிறார்கள்.
பையனா பொம்பளப் பிள்ளையா தெரியாது.
ஆலங்குளமா அரியலூரா தெரியாது.
பதினோராவது தாளில் ஒரு கடிதம்:
அனுப்புநர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய்,
பெறுநர் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்.

தி பஸ் மஸ்ட் ஸ்டாப்ஸ் அட் ஒய் ஒய் ஒய்.
தி டிரைவர் கேன் சீஸ் அஸ்.
ஹி ஷுட் வெயிட்ஸ் ஒன் மினிட்.
மை சிஸ்டர் கேன்னாட் ரன்ஸ்.

நாலு எஸ். நாலு சிவப்பு வட்டம்.
பிழைக்கு அரை மதிப்பெண், இரண்டுக்கு மேல் குறைக்கக் கூடாது
என்கிறது விடைக்குறிப்பு.

இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லித் தருகிறேன்.
மஸ்ட்டுக்கும் கேனுக்கும் பின்னால் வருகிற வினைச்சொல்
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும்.
எஸ் ஆகாது, இங் ஆகாது, ஈடி ஆகாது,
நடுவில் டூ என்று துணைக்கு ஆள் கூட்டி வரவும் ஆகாது.
ஆட்டுக்கு மட்டும் டூ உண்டு என்றால்
கடைசி பெஞ்சு கேட்கும்: அப்போ மாட்டுக்கு, டீச்சர்?

தமிழும் அப்படித்தாம்லே என்பேன்.
வருகிறான், வருகிறாள், நம்ம ஊர் மரியாதைக்கு வருதாவ.
வேண்டும் வந்து பக்கத்தில் நின்றதும்
ஆனும் போச்சு, ஆளும் போச்சு, ஆவவும் போச்சு.
வர.
அவ்வளவுதான் மிஞ்சும்.

நிற்க.
நலம் விசாரித்து முடித்து
காரியத்துக்குத் திரும்பும் இடத்தில் எழுதுவோமே, அந்த நிற்க.
பஸ்ஸுக்கும் அதே சொல்தான்.
ஸ்டாப்ஸ் என்று எழுதிய பிள்ளைக்கு
பஸ் தினமும் நிற்கிற மாதிரியே தோன்றியிருக்கும் போல.
எஸ்ஸை எடுத்தேன்.
இப்போது இலக்கணம் சரி.
பஸ் நிற்கிறதா என்று அதில் ஒன்றும் இல்லை.

"என்ன கோமு டீச்சர், ஒரு பேப்பரையே வச்சிக்கிட்டு இருக்கிய?"
ஜெபக்கனி மேடத்துக்கு நாலு மணிக்குள் கட்டு வேண்டும்.
பக்கத்தில் மைதீன் பிச்சை சார் எட்டிப் பார்த்து
"மூணு போடுங்க, போதும்" என்றார்.
ஐந்துக்கு மூன்று.

சாயங்காலம் பாபநாசம் வண்டி, இடைநில்லாதது.
வேண்டுமென்றே அதில்தான் ஏறினேன், கால் வீங்கியிருந்தது.
மேலப்பாளையம் தாண்டி, தருவை தாண்டி,
முன்னீர்ப்பள்ளத்துக்கும் மேலச்செவலுக்கும் நடுவில்
ஒரு புளியமரத்தடியில் ஒருத்தி கையைக் காட்டினாள்.
இடுப்பில் பிள்ளை, காலடியில் உரச்சாக்கு.
கண்டக்டர் வெளியே தலை நீட்டாமல்,
எங்களுக்குத்தான் சொல்கிற மாதிரி,
"இது நிக்காதுக்கா" என்றார்.
டிரைவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.
சாக்கைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு ஓடி வந்து
நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டேன்.
குக்கரில் பருப்பைப் போட்டுவிட்டு
பெருவிரல் சிவப்பு மையைத் தேய்த்துக்கொண்டிருக்கையில்
ரன்ஸ் ஞாபகம் வந்தது.
அந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கலாம்.
வண்டியை நிறுத்தியிருக்கலாம்.
லாம் போட்டால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை,
வசதிதான்.
விசில் மூன்று என்று எண்ணியிருந்தேன்,
நான்காவது வந்தது.